சிறு விமானம் காட்டும் அறிகுறிகள்: இயந்திரத்தைப் பார்ப்பதா, விமானியைப் பார்ப்பதா?

சிறிய தனியார் விமானம் ஒன்று விழுந்தால், விசாரணை அறிக்கையின் முடிவில் பெரும்பாலும் இரண்டில் ஒன்று எழுதியிருக்கும்: விமானியின் தவறு, அல்லது பராமரிப்புக் குறை. ஏறத்தாழ முக்கால் பங்கு விபத்துகள் விமானியின் கணக்கில் போகின்றன. இயந்திரத்தின் கணக்கில் விழுவது சிறிய பங்குதான். புள்ளிவிவரம் தொகுப்பவருக்கு இந்தப் பிரிவினை வசதியாக இருக்கலாம். காக்பிட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு இதனால் பெரிய பயன் இல்லை. அவர் கண்ணெதிரே இருப்பது ஓர் அறிகுறி. முள் ஒன்று இறங்குகிறது, சத்தம் மாறுகிறது, தலை வலிக்கிறது. அது யார் கணக்கில் எழுதப்படும் என்பது அடுத்த சில நிமிடங்களில் அவர் என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்தது. தரையில் தெரிந்த கோளாறைத் தரையிலேயே விட்டுவந்தால் அது வெறும் பழுது. அதைச் சுமந்துகொண்டு மேலே போனால் அது விமானியின் தவறாகவும் ஆகிவிடுகிறது.

கீழே உள்ளவை ஒற்றை பிஸ்டன் இன்ஜின் கொண்ட செஸ்னா, பைப்பர் போன்ற விமானங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. எண்கள் மாடலுக்கு மாடல் மாறும்; உங்கள் விமானத்தின் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுவே சரி. வானத்தில் எந்த அறிகுறி வந்தாலும் முதல் வேலை மூக்கைத் தாழ்த்தியோ நிமிர்த்தியோ வேகத்தைக் காப்பாற்றுவதுதான். கோளாறைத் தேடுவது இரண்டாவது. ரேடியோவில் பேசுவது மூன்றாவது.

ரன்-அப்பில் மேக்னட்டோ சோதனை சரியாக வரவில்லை

ரன்-அப் என்பது புறப்படும் முன் நின்றபடி இன்ஜினை ஓட்டிப் பார்ப்பது. மேக்னட்டோ என்பது ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் கருவி; இன்ஜினுக்கு இரண்டு உண்டு. இந்தச் சோதனையைச் சடங்காக முடித்துவிடுகிறவர்கள் அதிகம். சாவியை வலது, இரண்டும், இடது, இரண்டும் என்று திருப்பி, சுற்றுமானியின் முள் கொஞ்சம் அசைந்தால் போதும் என்று பிரேக்கை விடுகிறார்கள். முள் எவ்வளவு அசைந்தது, எப்படி அசைந்தது என்பதில்தான் செய்தி இருக்கிறது. செஸ்னா 172-இன் மாடல்களில் நிமிடத்துக்கு 1,700 அல்லது 1,800 சுற்றில் இதைச் செய்யச் சொல்கிறார்கள். ஒரு மேக்னட்டோவில் மட்டும் ஓடும்போது 125 அல்லது 150 சுற்றுக்கு மேல் குறையக்கூடாது. இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு 50-ஐத் தாண்டக்கூடாது.

முள் சட்டென்று விழுந்து இன்ஜின் குலுங்கினால், ஒரு ஸ்பார்க் பிளக் வேலை செய்யவில்லை என்றுதான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஈயம் கலந்த பெட்ரோலில் ஓடும் இன்ஜின், காற்றோடு கலக்கும் பெட்ரோலின் அளவை மாற்றும் மிக்சர் குமிழை முழுதும் உள்ளே தள்ளியபடி (அதாவது முழுச் செறிவில்) நீண்ட நேரம் ஐடிலில், மிகக் குறைந்த சுற்றில், நின்றால் பிளக்கில் ஈயப் படிவு சேரும். இது பாதி விமானியின் பழக்கத்தால் வருவது. சுற்றை 2,000 அளவுக்கு ஏற்றி, மிக்சரை இன்ஜின் மென்மையாக ஓடும் வரை மெலியச் செய்து, ஒரு நிமிடம் விட்டுப் பிறகு மறுபடி சோதியுங்கள். படிவு எரிந்திருந்தால் எண் சரியாக வரும். வரவில்லையென்றால் மூன்றாவது, நான்காவது முறை முயன்று பார்ப்பதில் அர்த்தமில்லை. பிளக், அதன் வயர், மேக்னட்டோ என்ற வரிசையில் மெக்கானிக் பார்க்கட்டும்.

குலுக்கல் இல்லாமல், மென்மையாக, ஆனால் அளவுக்கு மீறிச் சுற்று குறைந்தால் கதை வேறு. மிக்சர் அதிகச் செறிவாகவோ மெலிவாகவோ இருக்கலாம்; உயரமான விமான நிலையத்தில் இது சாதாரணம். மிக்சரைச் சரிசெய்தும் அப்படியே இருந்தால் மேக்னட்டோவின் நேர அமைப்பு தளர்ந்திருக்கலாம்.

இனி, யாரும் கவலைப்படாத அறிகுறி. ஒரு பக்கம் திருப்பியும் சுற்று குறையவே இல்லை. நல்ல இன்ஜின் என்று சிலர் இதற்கு மகிழ்கிறார்கள். மேக்னட்டோவை அணைப்பது என்றால் அதைத் தரையிணைப்பு வயர் வழியாகக் குறுக்கிணைப்பது. அந்த வயர் அறுந்திருந்தால் சாவி எங்கே இருந்தாலும் மேக்னட்டோ உயிரோடு இருக்கும். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு யாராவது புரொப்பல்லரைக் கையால் தள்ளினால், சிலிண்டரில் மிச்சம் இருக்கும் பெட்ரோல் ஆவியே போதும்: இன்ஜின் ஒருமுறை உதைக்கும். கை போகும், சில நேரம் உயிரும் போகும். கையேடு அனுமதித்தால், நிறுத்தும் முன் ஐடிலில் சாவியை ஒரு கணம் ‘ஆஃப்’ நிலைக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். இன்ஜின் சாக ஆரம்பிக்க வேண்டும். சாகவில்லையென்றால் புரொப்பல்லரில் எச்சரிக்கைத் துணி கட்டிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

பறக்கும்போது சுற்று மெல்ல மெல்லக் குறைகிறது

இன்ஜின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலைத் தொடவில்லை; ஆனால் முள் இறங்குகிறது. உயரம் குறைகிறது என்று விமானி த்ராட்டிலைக் கொஞ்சம் தள்ளுகிறார். சிறிது நேரம் சரியாகிறது, மறுபடி இறங்குகிறது. கார்புரேட்டர் உள்ள இன்ஜினில் இப்படி நடந்தால் பனிக்கட்டியைத்தான் நினைக்க வேண்டும். கார்புரேட்டரின் குறுகிய கழுத்தில் பெட்ரோல் ஆவியாகும்போது வெப்பநிலை 30 டிகிரிக்கும் மேல் குறையலாம். அதனால் வெளியே வெயில் அடிக்கிறதே என்பது பதில் ஆகாது. 20 டிகிரிக்கும் கீழே, ஈரம் மிகுந்த காற்றில் ஆபத்து அதிகம் என்றாலும், 38 டிகிரி வெப்பத்தில், 50 விழுக்காடு ஈரப்பதத்தில்கூட இது வரக்கூடும் என்கிறது அமெரிக்க விமானிகளுக்கான அரசுப் பாடநூல். புரொப்பல்லர் கோணம் தானாக மாறும் விமானத்தில் சுற்று குறையாது. உள்ளிழுப்பு அழுத்த முள்தான் இறங்கும். இதை அறியாதவர்கள் சுற்றுமானியைப் பார்த்து நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள்.

சூடான காற்றை உள்ளே திருப்பிவிடும் கார்புரேட்டர் சூட்டுக் குமிழை முழுதும் இழுங்கள். பாதி இழுப்பது சில நேரம் நிலைமையை மோசமாக்கும். இழுத்தவுடன் சுற்று இன்னும் குறையும். பனி உருகிய தண்ணீர் உள்ளே போவதால் இன்ஜின் இருமும், குலுங்கும். இந்த இடத்தில்தான் பலர் பயந்து குமிழைத் திரும்ப உள்ளே தள்ளிவிடுகிறார்கள். தள்ளாதீர்கள். மருந்து வேலை செய்வதன் அடையாளம் அந்த இருமல். சில விநாடிகள் பொறுத்தால் சுற்று முன்பிருந்ததைவிட மேலே ஏறும்.

இதில் பராமரிப்புக்கும் பங்கு உண்டு. சூடான காற்றைத் திருப்பிவிடும் தகடு தேய்ந்திருக்கலாம், கேபிள் நழுவியிருக்கலாம். ரன்-அப்பில் குமிழை இழுத்தால் சுற்று குறைய வேண்டும். குறையவில்லையென்றால் சூடான காற்று வரவில்லை என்று பொருள். அந்த விமானத்தை ஈரக் காற்றில் எடுத்துப் போகக்கூடாது. விபத்து நடந்த பிறகு இதை நிரூபிப்பதும் கடினம்: விசாரணையாளர் வந்து சேர்வதற்குள் பனி உருகிப் போயிருக்கும், கையில் கிடைப்பது குறையொன்றும் இல்லாத கார்புரேட்டர்.

இன்ஜின் இருமி நின்றுவிட்டது

மூக்கைத் தாழ்த்தி, சறுக்கு வேகத்தைப் பிடித்து, இறங்க ஓர் இடம் கண்ணில் பட்ட பிறகு: எரிபொருள் வால்வை வேறு டேங்குக்கு மாற்றுங்கள்; துணைப் பம்ப் இருந்தால் போடுங்கள்; மிக்சர் முழுச் செறிவு; கார்புரேட்டர் சூடு; மேக்னட்டோ சாவி இரண்டிலும் இருக்கிறதா என்று பாருங்கள். சற்று முன்புதான் டேங்கை மாற்றினீர்கள் என்றால் முதலில் பழைய டேங்குக்கே திரும்புங்கள். கடைசியாக எதைத் தொட்டோமோ அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது இந்தத் தொழிலில் பல உயிர்களைக் காப்பாற்றிய பழக்கம்.

இந்த வரிசையில் எரிபொருள் முன்னால் நிற்பதற்குக் காரணம் உண்டு. 2011 முதல் 2015 வரை அமெரிக்காவில் ஆண்டுக்குச் சராசரியாக 50-க்கும் மேற்பட்ட சிறு விமான விபத்துகள் எரிபொருளைக் கையாண்ட விதத்தால் நேர்ந்தன என்று அந்நாட்டுத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் எச்சரித்தது. அவற்றில் 95 விழுக்காட்டில் மனிதத் தவறு இருந்தது. கருவிக் கோளாறு ஏறத்தாழ 5 விழுக்காடுதான். டேங்க் வறண்டு போவது ஒரு வகை. ஒரு டேங்கில் பெட்ரோல் இருக்க, வால்வு வறண்ட டேங்கைப் பார்த்தபடி இருப்பது இன்னொரு வகை. இரண்டாவதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது: பிழைத்துக்கொள்ளத் தேவையானது கைக்கெட்டும் தொலைவில் இருந்திருக்கிறது.

கைக்கெட்டும் தொலைவு என்பதும் எல்லா விமானத்துக்கும் பொருந்தாது. பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபர் 12-இல் கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் விழுந்து இறந்தார். அவர் ஓட்டியது தனியார் ஒருவர் வீட்டில் கட்டிய லாங்-ஈசி விமானம். கட்டியவர் எரிபொருள் வால்வை வடிவமைப்பில் சொன்ன இடத்தில் வைக்காமல், விமானியின் இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார். எது எந்த டேங்க் என்ற குறியீடு அதில் இல்லை. கைப்பிடி இறுகியிருந்தது. புறப்படும் முன் ஒரு டெக்னீஷியனும் அவரும் கைப்பிடியை நீட்ட ஓர் இறுக்கிக் குறடைப் பொருத்திப் பார்த்தார்கள்; பயன்படவில்லை. பின்னால் உள்ள எரிபொருள் அளவைப் பார்க்க ஒரு சிறு கண்ணாடியை அந்த டெக்னீஷியன் கொடுத்தார். பெட்ரோல் நிரப்பட்டுமா என்று கேட்டதற்கு, ஒரு மணி நேரம்தான் பறக்கப் போகிறேன், வேண்டாம் என்றார் டென்வர். வானத்தில் வால்வைத் திருப்பத் தோளுக்குப் பின்னால் உடலை முறுக்கியபோது வலது கால் சுக்கான் பெடலை அறியாமல் அழுத்தியிருக்க வேண்டும் என்பது விசாரணையின் முடிவு. கட்டியவரின் இட மாற்றம், குறியிடாத வால்வு, விமானிக்கு அந்த வகை விமானத்தில் அனுபவம் இல்லாதது எல்லாம் அறிக்கையில் ஒன்றாகவே இடம்பெற்றன. என் பார்வையில் அந்த விபத்து குறடை எடுத்த கணத்திலேயே தொடங்கிவிட்டது. வால்வைத் திருப்பக் கருவி தேவைப்படுகிறது என்றால் அந்த விமானம் அன்று பறக்கத் தகுதியற்றது.

நின்ற இன்ஜினுக்குத் தண்ணீரும் காரணமாகலாம். இறக்கைமேல் உள்ள மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தால் மழை நீர் நேராக டேங்குக்குள் இறங்கும். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனமானது, அடியில் தங்கும். அதனால்தான் ஒவ்வொரு வடிகாலிலும் கண்ணாடிக் குவளையில் பிடித்துப் பார்க்க வேண்டும். குவளை முழுதும் ஒரே நிறமாக, தெளிவாக இருந்தால் நிம்மதி அடைய வேண்டாம். முழுதும் தண்ணீராகவும் இருக்கலாம். சிறு விமானங்களுக்கான 100 எல்எல் பெட்ரோல் நீல நிறம். நிறமே இல்லையென்றால் தண்ணீரோ, தவறிப்போய் நிரப்பிய ஜெட் எரிபொருளோ என்று பாருங்கள். ஒரு வெள்ளைத் தாளில் சொட்டு விடுங்கள்: பெட்ரோல் ஆவியாகி மறையும், ஜெட் எரிபொருள் கலந்திருந்தால் எண்ணெய் வளையம் தங்கும்.

எரிபொருள் காட்டும் முள்ளை நம்பாதீர்கள். குச்சி விட்டு அளந்து, மணிக்கு எவ்வளவு செலவாகும் என்று கணக்கிட்டு, கைக்கடிகாரத்தை நம்புங்கள். பகலில் கண்ணால் பார்த்துப் பறக்கும் விமானத்துக்கு 30 நிமிட இருப்பு, இரவில் 45 நிமிடம் என்பது அமெரிக்க விதி. அது சட்டம் கேட்கும் குறைந்தபட்சம். நிதானமான விமானிகள் ஒரு மணி நேரத்துக்குக் கீழே இறங்குவதில்லை.

ஆயில் அழுத்தம் இறங்குகிறது

உடனே பக்கத்து முள்ளைப் பாருங்கள். அழுத்தம் இறங்கி, ஆயில் சூடும் ஏறினால் உண்மையிலேயே ஆயில் போய்க்கொண்டிருக்கிறது; இன்னும் சில நிமிடங்களில் இன்ஜின் இறுகி நிற்கும். சக்தியைக் குறைத்து, அருகில் இறங்க முடிந்த இடத்தை நோக்கித் திரும்புங்கள். சூடு மாறாமலே இருந்தால் மானியோ அதன் குழாயோ பழுதாகியிருக்கலாம். அப்போதும் அருகிலுள்ள ஓடுபாதைதான் போக வேண்டிய இடம். பதற்றம் மட்டும் குறைவாக இருக்கலாம்.

இறங்கிய பிறகு ஆயில் பில்டரை வெட்டித் திறந்து மடிப்புகளை விரித்துப் பார்க்க வேண்டும். காந்தத்தில் ஒட்டும் துகள் என்றால் எஃகு: வால்வுகளை இயக்கும் கேம் தண்டோ, அதன்மேல் ஓடும் உருளைகளோ தேய்கின்றன. மாதக்கணக்கில் பறக்காமல் நிற்கும் விமானங்களில் இது அதிகம். அடிக்கடி பறக்கும் பயிற்சி விமானத்தைவிட, கொட்டகையில் பளபளவென்று நிற்கும் தனியார் விமானத்தின் இன்ஜின்தான் என்னைப் பயமுறுத்துகிறது. பூசியிருந்த எண்ணெய்ப் படலம் வடிந்து, உள்ளே ஈரம் தங்கித் துரு ஏறும். எனவே, மணிக்கணக்கு ஆகவில்லை என்று ஆயில் மாற்றத்தைத் தள்ளிப்போடக் கூடாது. பில்டர் உள்ள லைக்கமிங் நிறுவன இன்ஜினுக்கு 50 மணி நேரம் அல்லது நான்கு மாதம், எது முதலில் வருகிறதோ அது.

ஓடுபாதை தீர்ந்துகொண்டிருக்கிறது, சக்கரம் எழவில்லை

த்ராட்டிலை மூடுங்கள், பிரேக் போடுங்கள். காரணம் பிறகு. ஓடுபாதையின் பாதியில் எழும் வேகத்தின் 70 விழுக்காட்டை எட்டவில்லையென்றால் நிறுத்திவிடுவது என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்டால், அந்தக் கணத்தில் யோசிக்க வேண்டியிருக்காது.

காரணம் பெரும்பாலும் காற்று: உயரத்திலும் வெப்பத்திலும் அது மெலிந்து, இறக்கைக்கும் இன்ஜினுக்கும் போதாமல் போகிறது. கடல் மட்டத்திலிருந்து 3,000 அடி உயரத்தில் உள்ள ஓடுபாதையில் வெப்பம் 35 டிகிரி என்று வையுங்கள். அந்த உயரத்துக்கான தர வெப்பநிலை 9 டிகிரி. 26 டிகிரி கூடுதல், ஒரு டிகிரிக்கு 120 அடி. ஆக விமானத்துக்கு அது 6,100 அடி உயர நிலையம்போலத்தான். பிரிட்டன் விமானப் போக்குவரத்து ஆணையம் தரும் பெருக்கல் எண்களையும் சேர்ப்போம்: எடை 10 விழுக்காடு கூடினால் எழும் தூரம் 1.2 மடங்கு, வெப்பம் 10 டிகிரி கூடினால் 1.1, ஈரப் புல்தரை என்றால் 1.3. இவற்றைக் கூட்டக்கூடாது, பெருக்க வேண்டும். கையேட்டில் 400 மீட்டர் என்றிருந்தது ஏறக்குறைய 690 மீட்டராகிவிடுகிறது. நான்கு இருக்கை இருப்பதால் நான்கு பேர், முழு டேங்க், பெட்டிகள் எல்லாம் ஏற்றலாம் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

கணக்கு சரியாக இருந்தும் எழவில்லையென்றால் இயந்திரம். நின்றபடி முழு த்ராட்டில் கொடுத்து, கையேட்டில் சொன்ன சுற்று வருகிறதா என்று பாருங்கள். வரவில்லையென்றால் சிலிண்டர் அழுத்தம், உள்ளிழுப்புக் குழாய்க் கசிவு, தேய்ந்த கேம் என்று தேடலாம். பாதி பிடித்தபடியே இருக்கும் பிரேக்கையும் மறக்க வேண்டாம்.

வேகமானி நம்ப முடியாத எண் காட்டுகிறது

ஓடுபாதையில் ஓட ஆரம்பித்தும் வேகமானி அசையவில்லையென்றால் வேகத்தை அளக்க எதிர்க்காற்றை வாங்கும் பிட்டாட் குழாயின் உறை இன்னும் மாட்டியிருக்கிறது, அல்லது குளவி கூடு கட்டியிருக்கிறது. புறப்படாதீர்கள். குழாயின் வாயும் வடிகால் துளையும் இரண்டும் அடைபட்டால் வேகமானி உயரமானியைப்போல நடக்கும்: ஏறும்போது வேகம் கூடுவதாகக் காட்டும். அதை நம்பி மூக்கைத் தூக்கினால் விமானம் ஸ்டால் ஆகிவிடும், அதாவது இறக்கை தூக்குவிசையை இழந்துவிடும். உயரமானி ஒரே எண்ணில் உறைந்து, ஏற்ற இறக்கமானி பூஜ்ஜியத்தில் நின்றால் வெளிக்காற்றின் அழுத்தத்தை எடுக்கும் பக்கவாட்டு நிலைத் துளை அடைபட்டிருக்கிறது. மாற்றுக் காற்று வழியைத் திறங்கள். எதுவாக இருந்தாலும், பழகிய இன்ஜின் சக்தியும் பழகிய மூக்குக் கோணமும் பழகிய வேகத்தைத் தரும். அதை வைத்தே இறங்கிவிடலாம். விமானத்தைக் கழுவி, துளைகளில் டேப் ஒட்டி, எடுக்க மறந்துபோவது பராமரிப்புக் கூடத்தின் பழைய வியாதி.

செயற்கைத் தொடுவானம் ஒன்று சொல்கிறது, உடம்பு இன்னொன்று சொல்கிறது

செயற்கைத் தொடுவானம் என்பது விமானத்தின் சாய்வையும் மூக்கின் நிலையையும் காட்டும் மானி. வெளியே தொடுவானம் தெரியவில்லையென்றால் உடம்பு சொல்வது பொய். இதை நம்புவது கடினம். உள்காதின் திரவம் நேராகப் போவதாகவே சத்தியம் செய்யும். 1954-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், மானிகளை மட்டும் பார்த்துப் பறக்கப் பயிற்சி பெறாத 20 பேரை இந்த நிலையில் வைத்துப் பார்த்தபோது, கட்டுப்பாட்டை இழக்கச் சராசரியாக 178 விநாடி ஆனது. ஜான் எஃப். கென்னடி ஜூனியர் 1999 ஜூலை 16 இரவில், மங்கலான வானில், அட்லாண்டிக் கடலுக்கு மேல் இறங்கிக்கொண்டிருந்தபோது இதற்குத்தான் பலியானார். அவர் ஓட்டிய பைப்பர் சரடோகா விமானத்தில் கோளாறு எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. மானிகளை நம்பிப் பறப்பதற்கான தகுதிச் சான்று அவரிடம் இல்லை.

மானியே பொய் சொல்லும் நேரமும் உண்டு. பழைய விமானங்களில் செயற்கைத் தொடுவான மானியின் உள்சக்கரத்தைச் சுழற்றுவது ஒரு வெற்றிடப் பம்ப். அது முன்னறிவிப்பின்றி உடையும். ஆனால் மானி உடனே விழாது, சுழற்சி தணியத் தணிய மெதுவாகச் சாயும். விமானி அதைப் பின்தொடர்ந்து விமானத்தையும் சாய்ப்பார். அதனால் ஒரே மானியை முறைத்துப் பார்க்காமல், வெற்றிட மானி, மின்சாரத்தில் ஓடும் திருப்பங்காட்டி, திசைகாட்டி மூன்றையும் ஒப்பிடுங்கள். இரண்டு ஒத்துப்போய் ஒன்று மாறுபட்டால் மாறுபட்டதைக் காகிதம் ஒட்டி மறைத்துவிடுங்கள். மறைக்காவிட்டால் கண் மறுபடி மறுபடி அங்கேயே போகும். மிசௌரி ஆளுநர் மெல் கார்னஹன் 2000 அக்டோபர் 16 இரவு மோசமான வானிலையில் செஸ்னா 335 விமானத்தில் இறந்தார். விமானி அவருடைய மகன். விமானியின் பக்கத்துத் தொடுவான மானி பழுதானது அந்த விபத்துக்குத் துணைக் காரணம். முதன்மைக் காரணமாக எழுதப்பட்டது விமானியின் திசை மயக்கம்தான்.

தலைவலி, லேசான குமட்டல், எதிலும் அக்கறையின்மை

இந்த அறிகுறி எந்த முள்ளிலும் தெரியாது என்பதால் தனியாகச் சொல்ல வேண்டும். சிறு விமானத்தின் கேபின் சூடாக்கி எளிமையானது: சூடான புகைபோக்கியைச் சுற்றி ஒரு தகட்டு உறை, அதன் வழியே வெளிக்காற்று ஓடிச் சூடாகிக் கேபினுக்குள் வரும். உறைக்குள் இருக்கும் புகைபோக்கியில் மயிரிழை வெடிப்பு விழுந்தால் அந்தக் காற்றோடு கார்பன் மோனாக்சைடும் வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது முதலில் கெடுப்பது விமானியின் நிதானத்தை. தனக்கு ஏதோ ஆகிறது என்று உணர வேண்டிய மூளையே மந்தமாகிவிடுகிறது.

கால்பந்து வீரர் எமிலியானோ சாலா 2019 ஜனவரி 21 இரவு நாந்தேயிலிருந்து கார்டிஃப் போகும் வழியில், கெர்ன்சி தீவருகே பைப்பர் மாலிபு விமானத்தோடு கடலில் விழுந்தார். அவருடைய இரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு செறிவு 58 விழுக்காடு. விமானியின் உடல் கிடைக்கவில்லை. அவரும் பாதிக்கப்பட்டிருக்கக்கூடும் என்றது பிரிட்டன் விசாரணைப் பிரிவு. புகைபோக்கி அமைப்பிலிருந்து வாயு உள்ளே வந்தது இயந்திரத்தின் பக்கம். மறுபக்கத்தில், விமானிக்கு இரவில் பறக்கத் தகுதி இல்லை. ஒற்றை இன்ஜின் விமானத்துக்கான தகுதிச் சான்றும் காலாவதியாகியிருந்தது. மேகத்தைத் தவிர்க்கத் திரும்பிய திருப்பத்தில் விமானம் கட்டுமீறி, அளவு மீறிய வேகத்தில் வானிலேயே உடைந்தது. ஒலி எழுப்பி எச்சரிக்கும் வாயு உணர்கருவி விமானத்தில் இல்லை. விமானியின் தவறா, பராமரிப்பா என்று கேட்பவர்களிடம் இந்த அறிக்கையைக் கொடுத்து எந்தப் பக்கத்தைக் கிழிக்கலாம் என்று கேட்கத் தோன்றும்.

தலைவலி வந்தால்: சூடாக்கியை மூடுங்கள், வெளிக்காற்றுத் துளைகளை எல்லாம் திறங்கள், ஆக்சிஜன் இருந்தால் முகர்ந்துகொள்ளுங்கள், கட்டுப்பாட்டு அறையிடம் சொல்லி இறங்குங்கள். இறங்கியதும் சரியாகிவிட்டது என்று திரும்பப் பறக்கக் கூடாது. சாதாரணக் காற்றில் இரத்தத்திலுள்ள அளவு பாதியாகவே நான்கைந்து மணி நேரம் ஆகும். அன்றே இரத்தப் பரிசோதனை செய்துகொண்டால்தான் காரணம் உறுதியாகும். ஆண்டுப் பரிசோதனையில் உறையைக் கழற்றாமல் வெளியே டார்ச் அடித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது பரிசோதனை ஆகாது. காலம் போகப் போகக் கறுக்கும் அட்டை உணரியை நம்பவும் வேண்டாம். கூவும் கருவி ஒன்றை மாட்டுங்கள்.

பராமரிப்பு முடிந்து வந்த விமானம் விநோதமாக நடக்கிறது

கழற்றி மாட்டப்பட்ட விமானம்தான் சந்தேகத்துக்குரிய விமானம். இறக்கையின் பின்விளிம்பில் இருந்து விமானத்தைச் சாய்க்கும் எய்லரான் தகடுகளின் கேபிள்கள் மாறிப்போனால் இடது திருப்பினால் வலது சாயும். 2018 நவம்பரில் போர்ச்சுகலில் பராமரிப்பு முடிந்து புறப்பட்ட எம்ப்ரேயர் 190 என்ற பயணிகள் ஜெட்டுக்கே இது நேர்ந்தது. பெரிய நிறுவனங்களிலேயே நடப்பது சிறு கொட்டகையில் நடக்காதா? சுக்கான்கள் தடையின்றி அசைகின்றனவா என்று மட்டும் பார்ப்பது பாதிச் சோதனை. கட்டைவிரல்கள் மேல்நோக்கி நிற்கும்படி ஓட்டும் சக்கரத்தைப் பிடித்து இடது பக்கம் திருப்புங்கள். விரல்கள் எந்தப் பக்கம் சாய்கின்றனவோ அந்தப் பக்க எய்லரான் மேலே எழ வேண்டும். மூக்கின் நிலையை நிறுத்திவைக்கும் டிரிம் சக்கரத்தையும் திருப்பி, வாலருகே போய் அதன் தகடு சரியான பக்கம் போகிறதா என்று பாருங்கள். முதல் பறப்பில் பயணி வேண்டாம், மேகம் வேண்டாம், ஓடுபாதையைவிட்டுத் தொலைவும் வேண்டாம்.

இருக்கை நழுவியது, கதவு திறந்தது

செஸ்னாவில் இருக்கையைப் பிடிக்கும் ஊசி, தண்டவாளத் துளைக்குள் முழுதும் இறங்காவிட்டால், முழுச் சக்தியில் புறப்படும்போது இருக்கை பின்னால் ஓடும். கையில் இருக்கும் சக்கரத்தையே பிடிமானமாக்கி விமானி இழுப்பார். மூக்கு செங்குத்தாக எழும். துளைகள் நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கின்றனவா என்று பார்க்க 1987-இலேயே கட்டாய உத்தரவு வந்துவிட்டது. பூட்டிய பிறகு உடம்பை முன்னும் பின்னும் உலுக்கிப் பாருங்கள்.

கதவு திறந்துகொண்டால் பெரும் சத்தம் கேட்கும். பெரும்பாலான சிறு விமானங்கள் அப்படியே பறக்கும். கதவை மூட முயன்றுதான் மனிதர்கள் சாகிறார்கள்.

கடைசித் திருப்பத்தில் விமானம் ஒரு பக்கமாக விழுகிறது

இறங்கும் முன் ஓடுபாதையை நோக்கித் திரும்பும் இடம் இது. இங்கே இயந்திரத்தில் தேட எதுவும் இல்லை. ஓடுபாதையின் நேர்கோட்டைத் தாண்டிவிட்டோம் என்று தெரிந்ததும், சாய்வைக் கூட்டப் பயந்து, காலால் சுக்கானை மிதித்து மூக்கைத் திருப்பி, கூடவே ஓட்டும் சக்கரத்தையும் இழுப்பதுதான் காரணம். உயரம் மாறாத 45 டிகிரி சாய்வில் ஸ்டால் வேகம் 19 விழுக்காடு கூடுகிறது. 60 டிகிரியில் 41 விழுக்காடு. சில நூறு அடி உயரத்தில் சுழற்சி தொடங்கினால் மீள இடமில்லை. கோடு தாண்டிவிட்டால் த்ராட்டிலைத் தள்ளி, மேலேறி, ஒரு சுற்றுச் சுற்றி வரவேண்டும். அதற்கு ஆகும் பெட்ரோல் இல்லை என்றால் எரிபொருள் பகுதியைத் திரும்பப் படியுங்கள்.

ஒரே புகார் பதிவேட்டில் திரும்பத் திரும்ப வருகிறது

இதையும் அறிகுறியாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். ‘இன்ஜின் சரியில்லை’ என்று விமானி எழுதுகிறார். ‘தரையில் ஓட்டிப் பார்த்தேன், சரியாக உள்ளது’ என்று மெக்கானிக் எழுதுகிறார். இரண்டு வாரம் கழித்து இன்னொரு விமானி அதையே எழுத, அதே பதில். இருவரும் பொய் சொல்லவில்லை. வானத்தில், சூட்டில், சாய்வில் வரும் கோளாறு தரையில் வராது. புகாரை இப்படி எழுதுங்கள்: ‘4,500 அடி, வெளி வெப்பம் 12 டிகிரி, 2,400 சுற்று, புறப்பட்டு 40 நிமிடம். வலது டேங்கில் ஓடும்போது குலுக்கல்; இடது டேங்குக்கு மாற்றியதும் நின்றது. ஆயில் அழுத்தமும் சூடும் மாறவில்லை.’ இதைப் படிக்கும் மெக்கானிக் வலது டேங்கின் காற்றுத் துளையையும் வடிகட்டியையும் நேராகத் திறப்பார். அவர் என்ன கண்டார், எதை மாற்றினார் என்று பதிவேட்டில் இல்லாமல் ‘சரியாக உள்ளது’ என்று மட்டும் இருந்தால், சாவியை வாங்காமல் அவரைப் போய்ப் பார்த்துக் கேளுங்கள்.